அக்காவும் வலம்புரிக் கொட்டகையின் கடைசி பெஞ்சும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், எங்கள் தெரு மக்களுக்கும், அக்காவின் மீது அன்பு வைத்திருந்த அனைவருக்கும் என் வணக்கம். அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. "சித்தி, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். பொறந்த ஊரு, பட்ட பாடு, நல்ல கொணம் எல்லாம் வரணும்" என்று அக்கா மகன் கேட்டுக்கொண்டான். நான் கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. இருப்பதை இருக்கிறபடி எழுதத்தான் தெரியும். அப்படி எழுதினால் அக்காவின் கதைக்குள் ஒரு சினிமாக் கொட்டகை வந்து நிற்கும் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். படித்து முடித்த பிறகு சிரிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

அக்கா பிறந்தது ஆலந்தலையில். எங்கள் அம்மா என்னைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பா வலையே கதியென்று கடலில் கிடந்தார். அதனால் என்னை வளர்த்தது அக்காதான். எட்டாம் வகுப்பு வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது, ஆனால் இடுப்பில் நான் இருந்தேன். தூத்துக்குடியில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் என்னையும் கூட்டிக்கொண்டே வந்தார். அத்தான் வீட்டார் சீதனமாகக் கேட்டது வேறு, அவர்களுக்குக் கிடைத்தது நான். அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அத்தான் இளவயதில் சங்கு குளித்தவர். ஆழத்தில் இறங்கி இறங்கி இரண்டு காதும் கெட்டுப்போய், பிறகு தோணியில் வேலைக்குச் சேர்ந்தார். கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற பாய்மரத் தோணி. காது மந்தம் என்பதால் யார் என்ன வேடிக்கை சொன்னாலும் அவருக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தனியாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். "இவரு சிரிப்பு அடுத்த தோணியிலதான் வரும்" என்று அக்கா கேலி செய்வார். அதையும் கேட்டு, கொஞ்சம் பொறுத்து, அத்தான் சிரிப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கொட்டகை. இன்றைய இளையவர்களுக்கு வலம்புரிக் கொட்டகை என்றால் தெரியாது. லாரிகள் வரிசையாக நிற்கிற அந்தத் திருப்பம் இருக்கிறதே, அங்கேதான் இருந்தது. அதற்கு முன்பு அது சங்குக் கிட்டங்கி. சதை அழுகி உதிர்வதற்காகச் சங்கைக் குவித்துப் போட்டிருந்த இடம். கொட்டகை முதலாளி அதை வாங்கித் திரை கட்டினார், பெஞ்சு போட்டார், தரையில் கடற்கரை மணலைக் கொட்டினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். நாற்றம் மட்டும் போகவில்லை. மழைக்காலத்தில் சுவரில் உப்புப் பூத்துக் கொட்டும். அதே உப்பு திரையிலும் ஏறி, எப்பேர்ப்பட்ட கதாநாயகிக்கும் கன்னத்தில் தேமல் வந்துவிடும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் திரைக்கு வெள்ளை அடிப்பார்கள், நாயகி கொஞ்ச நாள் சுகமாக இருப்பாள், மறுபடியும் தேமல்.

கொட்டகையின் நடுவில் மார்பளவுச் சுவர் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். வாசலும் தனித்தனி, டிக்கெட் கவுண்டரும் தனித்தனி. ஞாயிற்றுக்கிழமை மாட்டினிதான் எங்கள் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, காலையில் கோயில், மத்தியானம் கொட்டகை. படம் முடிந்ததும் முதலில் பெண்கள் கேட்டைத்தான் திறப்பார்கள். நாங்கள் வெளியே வந்து பூவரச மரத்தடியில் நிற்போம். பிறகு ஆண்கள் வருவார்கள். பெண்கள் முன்னால் நடக்க, ஆண்கள் பத்தடி பின்னால் வருவார்கள். எந்தப் பெண்ணும் தன் வீட்டுக்காரர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். மணலில் காலடி கேட்டால் போதும். அந்தக் காலடி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பெண்கள் கவுண்டருக்குள் ஒரு பெண் உட்கார்ந்தால்தான் எங்கள் பெண்கள் கை நீட்டுவார்கள் என்பதால் முதலாளி அக்காவை அங்கே அமர்த்தினார். அக்கா அந்தப் பொந்துக்குள் இருந்துகொண்டே தெருவை ஆண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பெண்களை "ஒங்க அம்மைக்கு ஆள் விடட்டா?" என்று ஒரே கேள்வியில் திருப்பி அனுப்புவார். வாயும் வயிறுமாக இருக்கிறவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துக் கொடுப்பார். கைக்குழந்தை வீறிட்டு அழுதால் தாய் படம் பார்க்கட்டும் என்று குழந்தையைத் தான் வாங்கி வைத்துக்கொள்வார். அக்கா மகன் பிறந்த பிறகு அவனுக்கும் அந்த அறைக்குள்ளேயே தொட்டில் கட்டியாயிற்று.

கொட்டகையில் வேறெங்கும் இல்லாத வழக்கம் ஒன்று இருந்தது. அதற்குக் கடல்சீட்டு என்று பெயர். முதலாளியின் தம்பி போன தோணி ஒன்று முன்னொரு காலத்தில் திரும்பி வரவில்லை. அதிலிருந்து அவர் மாட்டினி ஆட்டத்தில் ஆண்கள் பக்கக் கடைசி பெஞ்சை விற்பதில்லை. அது கடலில் இருக்கிறவர்களின் பெஞ்சு. வீட்டுக்காரர் தோணி ஏறியதும் மனைவி வந்து அக்காவிடம் ஆண்கள் டிக்கெட் ஒன்று வாங்குவாள். அதை ஆண்கள் கேட்டுக்குக் கொண்டு போவாள். அங்கே டிக்கெட் கிழிப்பவர் சாத்தான்குளத்துக்காரரான பொன்னையா அண்ணாச்சி. அவர் அதைக் கிழித்து ஒரு பாதியைத் தகர டப்பாவுக்குள் போட்டுவிட்டு மறுபாதியை அவளிடம் தருவார். அவள் அதை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். ஆள் திரும்பி வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதியைக் காட்டிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்ப்பார். சீட்டுக் கிழித்தாகிவிட்டது, ஆளை உள்ளே விட்டாகிவிட்டது, இனி அவர் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. கடல் அவரைப் பிடித்து வைக்க முடியாது என்பது எங்கள் பெண்களின் கணக்கு. கணக்கு டீச்சரிடம் கேட்டால் தப்பு என்பேன். ஆனால் அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர்கள் தூங்கினார்கள்.

வராமலே போகிறவர்களும் உண்டு. அப்போது மனைவி அந்தப் பாதிச் சீட்டை அக்காவின் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அக்காவும் ஒன்றும் கேட்காமல் வாங்கி, உள்ளே எரிகிற மெழுகுதிரியில் காட்டுவார். காகிதம் கருகுகிற வாசனை வந்தால் வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகுதான் வீட்டில் ஒப்பாரி, கோயிலில் பூசை, உடம்பில் கறுப்புச் சேலை.

எழுபதுகளின் நடுவில், வாடைக் காற்று தொடங்கிய நேரத்தில், அத்தானின் தோணி ஓடு ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அக்கா தன் கவுண்டரில் தனக்கே ஒரு கடல்சீட்டுக் கிழித்து எடுத்து, அண்ணாச்சியிடம் கொடுத்து, பாதியை வீட்டுக்குக் கொண்டு வந்தார். தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. பின்னால் கிளம்பிய தோணிக்காரர்கள் வழியில் ஒன்றையும் பார்க்கவில்லை என்றார்கள். மன்னார் பக்கம் பாய்மரத் துண்டொன்று ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. அது யாருடைய மரம் என்று கடல்தான் சொல்ல வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தோணியில் போனவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராகக் கவுண்டருக்கு வந்தார்கள். கடைசியாக வந்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பிலோமி. சீட்டை நீட்டியவள் கையை எடுக்கவில்லை. "நீயும் குடுத்திரு அக்கா. நாம எல்லாம் ஒரே தோணி" என்றாள். அக்கா அவள் சீட்டை வாங்கிக் கொளுத்தினார். "வாங்குதவ எப்படிளா குடுக்க முடியும்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பொந்துக்கு உள்ளே அக்காதான் இருந்தார், வெளியே வந்து நீட்டினால் வாங்க ஆளில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாட்டினி முடிந்ததும் பொன்னையா அண்ணாச்சி கவுண்டருக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"தாயி, கடைசி பெஞ்சு நனஞ்சு கெடக்கு."

"கூரை ஒழுகுதா அண்ணாச்சி?"

"மழை பெஞ்சு எத்தன நாளாச்சு? கூர எங்கன ஒழுக? ஒரு ஆளு ஒக்காந்த அளவுக்குத்தான் ஈரம். கீழ மணலும் நனஞ்சிருக்கு."

அக்கா எழுந்து போய்ப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். பெஞ்சின் சுவரோர முனையில் ஈரம் இருந்தது. அத்தான் எப்போதும் அந்த முனையில்தான் உட்காருவார். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சுவரில் உப்புப் பூக்கிற கட்டடம், அங்கே எதைத் தொட்டாலும் உப்புத்தான் என்று சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் பெஞ்சைத் துடைத்தார், அதோடு சரி.

ஆனால் ஈரம் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. பிறகு சிரிப்பு தொடங்கியது. படத்தில் வேடிக்கைக் காட்சி வரும், கொட்டகையே சிரிக்கும், சிரித்து அடங்கும். அடங்கிய பிறகு ஆண்கள் பக்கம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு தனியாக வரும். முதலில் அதைச் சொன்னது பிலோமிதான். சொன்னவள் அன்று முதல் கொட்டகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆண்கள் கடைசி பெஞ்சுக்கு முந்தின வரிசையில் உட்காருவதில்லை, பிறகு அதற்கும் முந்தின வரிசையில் உட்காருவதில்லை. வேடிக்கைக் காட்சி வந்தாலே சனங்கள் சிரிப்பதற்குப் பயந்தார்கள். ஊரில் சிரிப்புப் படத்தை இழவு வீடு மாதிரி உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அக்காவின் மாமியாருக்கு இது தெரியாமல் போகுமா? ஒரு நாள் அக்கா சமைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, என் மவனுக்குப் பூச வைக்க விடு. அவன் ஆத்துமா மோட்சத்துக்கு முந்தின உத்தரிக்கிற தலத்துக்குக்கூடப் போக முடியாம கெடக்கு."

"மாமி, சீட்டுக் கிழிச்சாச்சு. அவியள உள்ள விட்டாச்சு. உள்ள இருக்கவியளச் செத்துட்டாவன்னு நான் எப்படிச் சொல்ல?"

மாமியார் அழுதுகொண்டே ஒரு சொல் சொன்னார். "உள்ள விட்டுட்ட, சரி. வெளிய விடாம வச்சிருக்கியே, அது மட்டும் ஞாயமா?"

அக்கா அன்று சோறு உண்ணவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அத்தான் மேல் பாசம் உண்டு. ஆனால் உயிரோடு இருக்கிற அக்காவின் மேல் அதைவிட உண்டு. பால் மணம் மாறாத பிள்ளையை வைத்துக்கொண்டு, கறுப்பும் உடுத்தாமல் கலரும் உடுத்தாமல், அக்காவே அந்தக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. அதை நினைத்து எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொட்டகையை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். புதுத் துறைமுகத்துக்கு லாரிகள் போவதற்குச் சாலையை அகலமாக்க இடம் எடுத்தாகிவிட்டது. முதலாளிக்கும் வயதாகிவிட்டது, கூட்டமும் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாட்டினிதான் கடைசி ஆட்டம் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தெருவில் எல்லோருக்கும் வருத்தம். அக்காவுக்கு மட்டும் வருத்தமில்லை, பயம். "பெஞ்சத் தூக்கிட்டா அவிய எங்கன போவாவ?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு இருபது வயது கூட ஆகவில்லை. ஆசிரியப் பயிற்சியில் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் விடை சொல்லித் தரவில்லை.

கடைசி ஞாயிறன்று கூட்டம் வந்தது. பயந்து ஒதுங்கியவர்களும் வந்தார்கள், பிலோமியும் வந்தாள். டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்து, விளக்கை அணைக்கிற நேரத்தில் அக்கா எழுந்தார்.

"நீ உள்ள ஒக்காரு."

"நீ எங்கக்கா போற?"

அக்கா வெளியே வந்து, கவுண்டருக்கு முன்னால் நின்று, ஊர்ப் பெண்கள் கை நீட்டுகிற மாதிரி என்னிடம் கை நீட்டினார். "ஆம்பிளைய சீட்டு ஒண்ணு குடு" என்றார். கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராக ஆண்கள் கேட்டுக்கு நடந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பொன்னையா அண்ணாச்சி தடுக்கவில்லை. "தாயி, இது ஆம்பளையாளு பக்கம்லா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் அண்ணாச்சி. கிழிங்க."

கிழித்தார். அந்தக் கொட்டகை திறந்த நாளிலிருந்து ஆட்ட நேரத்தில் எந்தப் பெண்ணும் போகாத வாசல் வழியாக அக்கா உள்ளே போனார். ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கடைசி பெஞ்சில் சுவரோர முனையை விட்டுவிட்டு அதற்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டிலேயே நின்றுகொண்டேன். விளக்கு அணைந்தது.

அன்று போட்டதும் சிரிப்புப் படம்தான். முதலாளி வேண்டுமென்றே வைத்தாரோ என்னவோ. முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஓர் இடத்தில் அக்கா சிரித்தார். அடக்காமல், வீட்டில் சிரிப்பது போலவே சிரித்தார். அதைக் கேட்டதும் பெண்கள் பக்கம் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் கொட்டகை மொத்தமும் சிரித்தது. இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. சிரித்து ஓய்ந்தது. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது, கடைசி பெஞ்சிலிருந்து, அந்தச் சிரிப்பு வந்தது. நான் கேட்டேன். என் இடுப்பிலிருந்த பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்தான். எனக்கு அன்றும் பேய் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் பெண்கள் கேட்டைத் திறந்தார்கள். அக்கா ஆண்கள் கேட்டு வழியாகவே வெளியே வந்தார். பொழுது அடைந்துகொண்டிருந்தது, மேற்கே மட்டும் வெளிச்சம் இருந்தது. அவர் சேலையின் ஒரு பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை, நனைந்திருந்தது. நேராகக் கவுண்டருக்கு வந்தார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து பழைய பாதிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"அவிய வந்தாவ. ஒக்காந்து படம் பாத்தாவ. இப்பம் கொளுத்து."

வாங்கி மெழுகுதிரியில் காட்டினேன். பற்றவில்லை. மறுபடி காட்டினேன். காகிதம் நனைந்திருந்தது. திரிதான் சடசடவென்று பொரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, காயட்டும். நீ வச்சிரு" என்றார்.

பிறகு கோயிலைப் பார்த்து நடந்தார். பூவரச மரத்தடியில் நின்றிருந்த பெண்கள் வழி விட்டார்கள். நான் பிள்ளையுடன் பக்கத்தில் நடந்தேன். எங்களுக்குப் பத்தடி பின்னால் மணலில் காலடி கேட்டது. ஈரக் கால் மணலில் பதிகிற சத்தம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வழக்கத்தை மதித்துத்தான் என்று எழுதிவிடலாம், ஆனால் பயம்தான். கோயில் படி வந்ததும் காலடி நின்றது. அக்கா உள்ளே போய்ச் சாமியாரிடம், "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பூச வைக்கணும் சாமி" என்றார். அப்போதுதான், அத்தனை மாதத்துக்குப் பிறகு, அக்கா அழுதார். மாமியாரை ஆள் விட்டுக் கூட்டி வந்தோம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள்.

பெஞ்சுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். சுவரை இடித்தபோது உள்ளே செங்கல்லுக்கு நடுவே சங்குத் துண்டுகள் கிடந்ததாகச் சொன்னார்கள். பூவரசு மட்டும் கொஞ்ச காலம் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா வாழ்ந்த வாழ்க்கை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் கட்டினார். மகனைப் படிக்க வைத்தார். என்னைக் கரையேற்றினார். மாமியாரைக் கடைசி வரை தன் கையால் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டார். யாரிடமும் கை ஏந்தவில்லை. ஊரில் எத்தனையோ தியேட்டர் வந்தது, போனது, ஒன்றிலும் அக்கா கால் வைக்கவில்லை. வீட்டில் டெலிவிஷனில் வேடிக்கைக் காட்சி வந்தால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார். பேரப்பிள்ளைகள், "ஆச்சிக்குக் காது மந்தம்" என்று நினைத்தார்கள். அக்காவின் காதில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பாதிச் சீட்டு என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. எங்கள் இருவருக்குள்ளும் அதைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை. நான் எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். விரலில் ஈரம் தட்டும். கடற்காற்று அடிக்கிற ஊரில் எந்தக் காகிதமும் மொரமொரவென்று இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதே புத்தகத்தின் மற்றப் பக்கங்கள் காய்ந்துதான் இருந்தன.

படுக்கையில் விழுந்த பிறகு அக்கா அதிகம் பேசவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல, "காஞ்சிட்டா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து தொட்டுப் பார்த்தேன்.

"இன்னும் இல்லக்கா."

அக்கா சிரித்தார். "அப்பம் அவிய இன்னும் கோயில் வாசல்லதான் நிக்காவ. பொம்பளையள மரத்தடியில நிக்க வச்ச ஊரு. அவிய எனக்காவ நிக்கட்டும். என்ன இப்பம்?" என்றார். அதுதான் அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்ன முழுப் பேச்சு. மறுநாள் பொழுது விடியும் நேரத்தில், மகன் மடியில், அமைதியாகக் கண்ணை மூடினார்.

அடக்கத்துக்குப் பெட்டியை எடுக்கும் முன்பு நான் தலைமாட்டில் நின்றுகொண்டு என்னவோ செய்தேன் என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "டீச்சர் எதையோ கொளுத்துதாவ" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அந்தச் சீட்டைத்தான் மெழுகுதிரியில் காட்டினேன். அன்று அது காய்ந்திருந்தது. காட்டிய உடனே பற்றிக்கொண்டு என் விரலைச் சுட்டுவிட்டுப் போயிற்று. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பிலோமி ஒருத்திக்கு மட்டும் அந்த வாசனை தெரிந்தது. தள்ளாத வயதில், நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டாள்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை நோயில் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், இரவு பகல் பாராமல் ஓடிய மகனுக்கும், பூசை வைத்த பங்குச் சாமிமாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், செய்தி கேட்டதும் சாத்தான்குளத்திலிருந்து வந்து நின்ற பொன்னையா அண்ணாச்சியின் மக்களுக்கும், ஆலந்தலை உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து வந்து, பந்தலில் எல்லோரும் அக்காவின் கேலிப் பேச்சுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தோம் அல்லவா? சிரித்து ஓய்ந்த பிறகு நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பெஞ்சு எடுக்க வந்த பந்தல்காரர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், கடைசி பெஞ்சுல யாரு தண்ணி கொட்டுனது? ரெண்டு ஆளு ஒக்காந்த அளவுக்கு நனஞ்சு கெடக்கு" என்றார். நான் போய் என் முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன்.

அத்தான், வந்திருந்து அக்காவைக் கூட்டிப் போனதற்கு நன்றி.